க்ரிட் ஓடப் போகிறவர்களுக்கு, விழுந்தவன் எழுதுவது

டவுனுக்குள்ளே றோட்டை மறித்து வைக்கிற சைக்கிள் சுற்றுப் பந்தயம், அதாவது க்ரைட்டீரியம், சுருக்கமாக க்ரிட், எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்றல்ல. சித்திரை வருசத்துக்கு ஊர் ஊராக வைக்கிற சைக்கிள் ஓட்டம் எல்லோருக்கும் தெரியும். நீட்டுக்குப் போய் நீட்டுக்கு வருவது அது. க்ரிட் வேறு சாதி. ஓடுவதற்கு முன் தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் கால் பலத்தைப் பற்றியும் விலைகூடின சில்லுகளைப் பற்றியும் எழுதினவைதான். விழுந்தால் கூட யார் வருவார்கள், போன் யாரிடம் இருக்கும், சைக்கிளை யார் எடுப்பார்கள் என்று எங்கேயும் இல்லை. எனக்கு வலது தோளின் காறையெலும்பு முறிந்தது, சைக்கிளின் பின்பக்கம் நாசமானது, கடை ஒன்றரை மாதம் பாதி பூட்டிக் கிடந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்து எண்பதினாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அதிலே சைக்கிளுக்குப் போன காசில் பெரும்பகுதி விழுந்ததால் போகவில்லை, விழுந்த பிறகு நடந்த கூத்தால் போனது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். பதிவு செய்த கழகம் ஒன்றுமில்லை. ஒரே நிறத்தில் ஜெர்ஸி தைத்துப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ஓடுகிற கூட்டம். மூத்தவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற அண்ணா. கிண்ணியாவிலிருந்து வருகிறவரை எல்லோரும் நானா என்போம். சின்ன வயதில் இழுவைப் பாதை என்கிற மிதவையில் தண்ணீரைக் கடந்து டவுனுக்கு வந்த ஆள் அவர். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் ஒரே மூச்சில் சைக்கிளில் வர முடிகிறது என்று பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் சொல்வார். சீனன்குடாப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிற மச்சான் ஒருவன். சொந்தமில்லை, சின்ன வயதுக் கூட்டாளி. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற தம்பி. அப்புறம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற நான். 2022-இல் பெட்ரோல் வரிசையில் நின்று நின்று அலுத்துப் போய்ச் சைக்கிளுக்கு மாறினவன். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

எங்கள் பயிற்சி என்பது நிலாவெளி றோட்டால் குச்சவெளி வரை போய் வருவது. இல்லாவிட்டால் சீனன்குடாவைத் தாண்டிக் கிண்ணியாப் பாலம் வரை. இரண்டுமே பெரும்பாலும் நேர் றோட்டு. மேற்குப் பக்கமிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்தில் பக்கத்திலிருந்து தள்ளும், அதற்கு ஏற்ற மாதிரிச் சரிந்து வரிசை பிடித்து ஓட எங்களுக்கு நல்லாய்த் தெரியும். ஆனால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போயும் ஒரு இடத்தில்கூட வேகத்தோடு சரித்து வளைக்க வேண்டியதில்லை. திருகோணமலையில் சைக்கிள் ஓடுகிற எல்லோருக்கும் இந்தக் குறை இருக்கிறது என்பது என் எண்ணம். காலுக்குப் பலம் வந்துவிடுகிறது, வளைவு பழகுவதில்லை.

க்ரிட்டில் இருப்பதோ வளைவு மட்டும்தான். உலக சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி ஒரு சுற்று 800 மீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை இருக்கலாம். எங்களுக்குக் குறித்தது ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கோட்டைப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி, டச்பே கடற்கரையோரமாக வந்து, திரும்ப டவுனைப் பார்த்துப் போகிற சுற்று. இருபத்தைந்து சுற்று. சுற்றுக்கு நான்கு வளைவு, எல்லாம் வலப்பக்கம். அப்படியானால் நூறு தடவை வேகத்தைக் குறைத்து நூறு தடவை எழும்பி மிதிக்க வேண்டும். முன்னால் போகிறவருக்கு இது பெரிய வேலையில்லை. அவர் தனக்கு வசதியான வேகத்தில் வளைத்துப் போய்விடுவார். கூட்டம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி வளைவில் சுருங்கி, வளைவு தாண்டினதும் இழுபடும். கடைசியில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்றுவிட்டு, முன்னால் போனவர்களைப் பிடிக்க மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அடிக்க வேண்டும். ஒருவரின் பின்னால் ஒட்டி ஓடினால் கால்வாசிக்கு மேல் பலம் மிச்சம் என்று நாங்கள் படித்திருந்தோம். நேர் றோட்டில் அது சரி. க்ரிட்டில் பின்வரிசையில் நின்றால் மிச்சம் பிடித்தது முழுவதையும் வளைவுகள் பறித்துக்கொள்ளும். ஆகவே தொடக்கக் கோட்டில் முன்வரிசையில் இடம் பிடிப்பது பெருமைக்காக இல்லை. யாராவது "பின்னால நிண்டு பார்த்து ஓடுவம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

வளைவு பழகப் பெரிய இடம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மைதானமோ வாகனம் நிறுத்துகிற வெளியோ போதும். நான்கு தண்ணீர்ப் போத்தலை வைத்து ஒரு சதுரம் போட்டு, இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிச் சுற்ற வேண்டும். பிரேக் பிடிப்பது வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். சரிந்த பிறகு பிடித்தால் டயர் பிடியை விட்டுவிடும். உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கப் பெடல் கீழே, பாரம் முழுவதும் வெளிக்காலில். கண் முன்சில்லைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். ஹாண்டிலின் கீழ்ப்பிடியில் கை இருந்தால் பாரம் தாழ்ந்து சைக்கிள் அடங்கி நிற்கும். அடுத்தது காற்று. எங்கள் கூட்டத்தில் டயரைக் கல்லு மாதிரி 120 பிஎஸ்ஐ வரை அடிப்பதுதான் வழக்கம். 25 மில்லிமீட்டர் டயருக்கு அறுபத்தைந்து கிலோ ஆள் 85 பக்கம் அடித்தால் போதும், றோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். இதெல்லாம் பந்தயத்துக்குப் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவை.

பந்தய நாளுக்கு வருகிறேன். காலை ஏழு மணி என்று போட்டிருந்தார்கள். பிரதம விருந்தினர் வந்து, விளக்கேற்றி, பேசி, எல்லோரோடும் படம் எடுத்து முடிய ஒன்பதரை தாண்டிவிட்டது. ஆறரைக்கே உடம்பைச் சூடாக்கி வியர்த்து நின்றவர்கள் நாங்கள். ஆடி மாதத்துக் கச்சான் ஒன்பது மணிக்கெல்லாம் அனல் கொண்டு வந்துவிடும், தார் றோட்டிலிருந்து கால் வழியாகச் சூடு ஏறும். போத்தல் தண்ணீரைப் பேச்சுக்களிலேயே குடித்து முடித்துவிட்டோம். நானா மட்டும் ஒரு ஐந்து லீட்டர் கானில் தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்டு வைத்திருந்தார். "நம்ம ஆக்கள் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவாங்கண்டு நம்பி வந்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் ஊற்றினார். ஒழுங்குபடுத்துகிறவர்கள் சொல்லும் நேரத்தை நம்பி உடம்பைச் சூடாக்காதீர்கள். கடைசி வீரனின் பெயரைக் கூப்பிட்டு வரிசைப்படுத்தத் தொடங்கின பிறகு பத்து நிமிடம் சுற்றினாலே போதும். தண்ணீர் வேண்டியதை விட இரண்டு மடங்கு கொண்டு போங்கள்.

இந்த நேரத்தில் செய்ய வேண்டிய உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது, சுற்றை நடந்து பார்ப்பது. நாங்கள் மெதுவாக ஓடிப் பார்த்தோம், அது போதாது. நடந்தால்தான் தெரியும். கடற்கரைப் பக்கத்து வளைவில், உள்ளோரமாக, முதல் நாள் மணல் ஏற்றிப் போன ட்ரக்டர் சிந்திவிட்டுப் போன மணல் ஒரு பாய் அகலத்துக்குக் கிடந்தது. ஒருவர் தும்புத்தடியால் கூட்டித்தான் விட்டார். கூட்டின பிறகும் மெல்லிய பொடி தாரின் குழிகளுக்குள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, செருப்பால் தேய்த்தால் கிறுகிறு என்று சத்தம் வரும். அந்த வளைவு கடலைப் பார்த்துப் போகிற பக்கத்தின் முடிவு. கச்சான் முதுகிலிருந்து தள்ளுவதால் சுற்றிலேயே வேகம் கூடின இடமும் அதுதான். வேகம் கூடின வளைவில் மணல். இதைப் பார்த்த உடனே ஒரு வாளி தண்ணீர் கேட்டு அடித்துக் கழுவியிருக்கலாம், கேட்டால் தந்திருப்பார்கள். மான்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். கோட்டையடி மான்கள் றோட்டில் படுத்துக் கிடப்பது ஊருக்குத் தெரிந்த விசயம். அவற்றைத் துரத்த இரண்டு சின்னப் பொடியன்களிடம் சிவப்புக் கொடி கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மானுக்குச் சிவப்புக் கொடி என்ன விளங்கப் போகிறது, ஆனால் அன்றைக்கு ஒரு மானும் குறுக்கே வரவில்லை.

விசில் அடித்ததும் தம்பி பாய்ந்துவிட்டான். முதல் சுற்றிலேயே, டவுனைப் பார்த்துத் திரும்புகிற பக்கத்தில், நெஞ்சுக்கு நேரே காற்று அடிக்கிற இடத்தில், தனியாக. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டு நின்றதால் வந்த வீரம் என்று பின்னால் சொன்னான். தனியாக முன்னால் போக வேண்டுமானால் எதிர்க்காற்றில் கூட்டத்துக்குள் ஒளிந்திருந்து, காற்று முதுகுக்கு மாறுகிற வளைவு வருவதற்குச் சற்று முன் போக வேண்டும். நான்கு சுற்று முன்னால் நின்றான், பிறகு கரைந்தான், கடைசியில் ஒரு சுற்றுப் பின்தங்கி விசில் ஊதி வெளியே எடுக்கப்பட்டான். சுற்றுப் பின்தங்கினவர்களை வெளியே எடுப்பது க்ரிட்டில் சாதாரணம், யாரையும் அவமானப்படுத்துவதற்கில்லை. ஆனால் அது அவனுக்குத் தெரியாது. வேலியோரம் உட்கார்ந்து அழுதிருக்கிறான். சின்னவர்களை முதல் தடவை கூட்டிப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும்.

மச்சானுக்குப் பின் டயர் பஞ்சர். இறங்கி, தானே டியூப் மாற்றி, திரும்ப ஏறுவதற்குள் அவனையும் எடுத்துவிட்டார்கள். இதில்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். பஞ்சர், விழுதல், ஏதாவது உடைதல் ஆகியவற்றுக்குக் க்ரிட்டில் ஒரு சலுகை உண்டு. சில்லு மாற்றுகிற இடத்துக்குப் போய் நடுவரிடம் காட்டினால், ஒரு சுற்று, சுற்று மிகவும் சின்னதென்றால் இரண்டு சுற்று நின்றுவிட்டு, விட்டுப் போன அதே கூட்டத்துடன் சேர்த்து விடுவார்கள். கடைசிச் சில சுற்றுகளில் மட்டும் கிடையாது. உள்ளூர்ப் பந்தயங்களில் இந்தச் சலுகை வைப்பதும் வைக்காததும் நடத்துகிறவர்கள் விருப்பம். ஆகவே தொடங்குவதற்கு முன் கேளுங்கள்: சலுகைச் சுற்று உண்டா, எங்கே வர வேண்டும், எத்தனையாம் சுற்றோடு நிறுத்துவீர்கள் என்று. உண்டென்றால் காற்றடித்த சில்லு ஒரு சோடியை அந்த இடத்தில் வைத்துவிடுங்கள், ஐந்து பேருக்கு ஒரு சோடி போதும். சலுகை இருந்தும் சில்லு இல்லாவிட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் விழுந்தது பாதிக்கு மேல் ஓடின பிறகு. கூட்டம் முப்பது பேரிலிருந்து பதினைந்தாகச் சுருங்கியிருந்தது. நான் ஆறாவதோ ஏழாவதோ. கடற்கரை வளைவில் எனக்கு முன்னால் இருந்தவர் சரிந்தபடியே பின் பிரேக்கைப் பிடித்தார், அவருடைய பின்சில்லு மணலில் வழுக்கிக் குறுக்கே வந்தது. அவர் எப்படியோ நிமிர்ந்து போய்விட்டார். நான் வெளியே ஒதுக்க இடமில்லை, பக்கத்தில் ஒருவர் இருந்தார். உள்ளே ஒதுக்கினேன், சைக்கிள் கீழே போய்விட்டது. வலது தோள்தான் முதலில் றோட்டில் பட்டது, பிறகு தலைக்கவசம். வலி உடனே வரவில்லை. காதுக்குள் ஒரு சத்தம், பச்சைத் தடி முறிகிற சத்தம், அது மட்டும் இப்பவும் நினைவில் இருக்கிறது. எழும்பி நின்று வலது கையைத் தூக்கப் பார்த்தேன், கை வரவில்லை. சட்டைக்கு மேலாலேயே தோளில் ஒரு புடைப்புத் தெரிந்தது.

பார்த்துக்கொண்டு நின்றவர்கள் ஓடி வந்தார்கள். நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் "ஒண்டுமில்லத் தம்பி, ஏறி ஓடுங்க" என்று சைக்கிளை நிமிர்த்தித் தந்தார். தலை அடிபட்ட ஆளைத் திரும்ப ஏற்றக் கூடாது. தலைச்சுற்று, வாந்தி, இடையில் நடந்தது நினைவில்லாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பந்தயம் முடிந்தது என்று வையுங்கள். இன்னொருவர் போகிற த்ரீவீலரை மறித்து என்னை ஏற்றிவிட்டார். வளைந்து வளைந்து, குழிக்குழியாய் விழுந்து, முறிந்த எலும்பை ஆட்டிக்கொண்டு போனேன். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், காசு கிடையாது, பயிற்சி பெற்ற ஆளும் கூட வருவார். அந்த இலக்கம் எனக்குத் தெரியாமலில்லை. அடிக்க என்னிடம் போன் இல்லை, சுற்றி நின்றவர்களுக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

போன், பர்ஸ், அடையாள அட்டை, கடைச் சாவி, எல்லாம் மச்சான் கொண்டு வந்த வானுக்குள் பூட்டியிருந்தது. சாவி மச்சானின் ஜெர்ஸிப் பையில், மச்சானோ சுற்றின் மறுபக்கத்தில் டியூப் மாற்றிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். வீட்டு இலக்கம் சொன்னேன். யாருடைய போன் நம்பராவது என்று கேட்டபோது நின்றுவிட்டேன். நாள் முழுக்க மற்றவர்களின் போனைத் திருத்துகிறவனுக்கு ஒரு நம்பர் மனப்பாடமில்லை. ஒன்று தவிர, அம்மாவின் நம்பர். அந்த ஒரு ஆளுக்குத்தான் இந்த நேரத்தில் சொல்ல விருப்பமில்லை. பந்தயம் ஓடுவதே அவவுக்குத் தெரியாது. த்ரீவீல்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை. "பிறகு தாங்க" என்று போய்விட்டார், இன்றுவரை அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடியில் இரும்பு மாதிரிக் கடினமான க்ளீட் வைத்த சப்பாத்தோடு, மழமழவென்ற சிமெந்துத் தரையில் வழுக்கி வழுக்கி எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு நடந்தேன். ஒரு கையால் அந்தச் சப்பாத்தைக் கழற்றவும் முடியவில்லை.

சட்டையைக் கழற்ற வேண்டும் என்றபோது எனக்கு முறை தெரியாது, முறிந்த கையைத் தூக்கப் போய்க் கத்திவிட்டேன். தாதி மிஸ்ஸி பொறுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டா. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஜெர்ஸி. கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும், அடிபட்ட கை கடைசி. போடும்போது அடிபட்ட கை முதலில். முழு ஸிப் வைத்த ஜெர்ஸி என்றால் இந்தப் பாடு பாதி குறையும். இடுப்பிலும் முழங்கையிலும் தோல் உரிந்த இடங்களுக்குள் மணல் இருந்தது, அதைக் கழுவி எடுத்ததுதான் எலும்பு முறிந்ததை விட நோவு. ஆனால் கழுவாமல் விடக் கூடாது. ஏற்பு ஊசி, அதாவது டெட்டனஸ் ஊசி, கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டார்கள். அதுவும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று. அழுக்குக் காயத்துக்கு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் திரும்பப் போட வேண்டும்.

மத்தியானம் தாண்டியும் எங்கள் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வந்த கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள், இனி இவர்களோடு சேர்ந்து ஓடுவதில்லை என்றெல்லாம் யோசித்தேன். பிறகு ஒரு நாள் பிளேன்ரீயோடு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கதைத்தபோதுதான் விளங்கியது. அண்ணா முன்னால் ஓடினார், விழுந்த சத்தம் கேட்டது, யார் என்று தெரியாது. அடுத்த சுற்றில் அந்த இடத்தில் சைக்கிளும் இல்லை ஆளும் இல்லை, ஆகவே நான் சலுகைச் சுற்றுக்குப் போயிருப்பேன் என்று நினைத்தார். நானா நான்காவதாக வந்தார், எனக்கு முடியாமல் இறங்கியிருப்பேன், மச்சான் கூட இருப்பான் என்று நினைத்தார். மச்சான், தம்பி பார்த்துக்கொண்டு நிற்கிறான்தானே என்று நினைத்தான். தம்பி அழுத கண்ணோடு மறுபக்கத்து வேலியில் இருந்தான், என்னைக் காணவே இல்லை. யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஐந்து பேரும் ஓடப் போனால் விழுகிறவனைப் பார்க்க ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

க்ரிட்டுக்குப் போகிற எந்த அணிக்கும் ஓடாத ஒரு ஆள் வேண்டும். தம்பியோ தங்கையோ மனைவியோ, சைக்கிள் தெரியாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லோருடைய போனும் வான் சாவியும் கொஞ்சம் சில்லறைக் காசும் அந்த ஆளிடம். வேகம் கூடின வளைவில் நிற்க வேண்டும், முடிவுக் கோட்டில் நிற்பதால் பயன் இல்லை. நம்பர் துணியின் பின்பக்கத்தில் பெயர், இரத்த வகை, ஒரு போன் நம்பர் ஆகியவற்றை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது உங்கள் முதுகிலேயே இருக்கும்.

சைக்கிளின் கதை தனி. யாரோ அதை மேடையடியில் கொண்டுபோய்ச் சாத்தியிருந்தார்கள். மச்சான், பாவம், உதவி செய்கிற எண்ணத்தில், தன் சைக்கிளை வானில் போட்டுவிட்டு என்னுடையதை ஓடிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனான். வீடு ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில். வலப்பக்கம் விழுந்த சைக்கிளில் பின் கியர் தொங்குகிற சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள், உள்பக்கம் வளைந்திருக்கும். சைக்கிளின் சட்டம், அதாவது ஃப்ரேம், உடையாமல் தான் வளைந்து கொடுக்கவென்றே மெல்லிசாகச் செய்தது அது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏற்றம் வந்ததும் மச்சான் பெரிய பல்லுக்கு மாற்றினான், கியர் அப்படியே சில்லுக் கம்பிகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. கியர் துண்டு துண்டு, பின்சில்லில் கம்பிகள் அறுந்து வளையமும் கோணல். விழுந்ததில் ஹேங்கரும் ஒரு பிரேக் லிவரும் தலைக்கவசமும்தான் சேதம். பழைய கியர் ஒன்று 24,000, சில்லு 32,000, இரண்டும் அந்த ஏற்றத்தில் போனவை. விழுந்த சைக்கிளை ஓட வேண்டாம். பின்னால் நின்று பார்த்து, கியரும் பற்களும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் த்ரீவீலரில் போட்டுக்கொண்டு வாருங்கள், ஐந்நூறு ரூபாயோடு போகும்.

ஹேங்கர் எல்லாச் சைக்கிளுக்கும் ஒன்றில்லை என்பது இன்னொரு தலையிடி. சட்டத்துக்குச் சட்டம் மாறும். டவுனில் கேட்டேன், இல்லை. கொழும்பில் ஒருவர் படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், வந்தது பொருந்தவில்லை, ஓட்டை ஒரு நூல் தள்ளி. திரும்ப அனுப்பி வேறு எடுத்ததில் பார்சல் செலவோடு 5,200. சைக்கிள் நல்லாய் இருக்கும்போதே ஹேங்கரைக் கழற்றி, அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, ஒன்றை வாங்கிச் சீட்டுக்குக் கீழே பையில் போட்டு வையுங்கள். தலைக்கவசம் ஒரு அடிக்குத்தான். வெளியே கீறல் மட்டும் இருந்தாலும் உள்ளே நுரைப்பகுதி நசுங்கியிருக்கும். என்னுடையதில் உட்பக்கத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு, வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 16,500 கொடுத்துப் புதிது வாங்கினேன். அந்த ஒரு செலவுக்கு மட்டும் மனம் நோகவில்லை.

எலும்புக்கு அறுவை வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான காறையெலும்பு முறிவுகள் கைத்தொட்டில் போட்டு வைத்தாலே பொருந்திவிடும், ஆறு கிழமை அளவில். விலகல் கூட என்றால்தான் தகடு வைப்பார்கள். பெரியம்மா நாட்டு முறிவு வைத்தியரிடம் புக்கை கட்டக் கூட்டிப் போகிறேன் என்று நின்றா. எனக்கு அதில் பகையில்லை, ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் பிடித்து உருவ விடாதீர்கள். அந்த எலும்புக்குக் கீழேதான் கைக்குப் போகிற பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. வலக்கை தொட்டிலில் கிடந்தால் சோறு எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் யோசிப்பதில்லை. இடக்கையால் கரண்டி பிடித்தேன், அம்மாவால் பார்க்க முடியவில்லை. கடைசியில் முப்பத்தாறு வயதில் அம்மா குழைத்துத் தீத்த, வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். பந்தயத்தை மறைத்ததற்கான பேச்சும் ஒவ்வொரு கவளத்தோடும் வந்தது. கடையில் தூரத்துச் சொந்தக்காரப் பொடியன் ஒருவன் கார்ட் விற்றான், ரீலோட் போட்டான். திருத்த வேலை எல்லாம் அடுத்த கடைக்குப் போனது. எழுபத்தையாயிரத்துக்கு மேல் அங்கேயே நட்டம், சில வாடிக்கையாளர்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்று வைத்திருந்தேன். மாதாமாதம் கட்டினது. சரி, இதற்காவது உதவும் என்று பத்திரங்களைக் கொண்டுபோனேன். பந்தயத்தில் பங்குபற்றும்போது நேர்ந்தால் பொருந்தாது என்று விலக்குகளுக்குள் ஒரு வரி இருந்தது, ஆஸ்பத்திரித் துண்டில் சைக்கிள் பந்தயத்தில் விழுந்தது என்று தெளிவாக எழுதியிருந்தது. மறுத்துவிட்டார்கள். இப்படியான விலக்கு விபத்துக் காப்புறுதிகளில் சாதாரணமாக இருப்பதுதானாம். உங்களுடையதை எடுத்து விலக்குகள் என்ற பக்கத்தை மட்டும் படியுங்கள். பந்தயத்தின் பதிவுப் படிவத்தையும் படியுங்கள். எங்களுடையது ஆங்கிலத்தில் இருந்தது, அடியில் "என் சொந்தப் பொறுப்பில்" என்ற கருத்தில் மூன்று வரி. கூட்டத்துக்குள் நின்று, சைக்கிள் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்ட படிவம் அது.

இப்போது கை முழுவதும் மேலே போகிறது, பாரம் தூக்கினால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தல் வைத்துச் சுற்றுகிறோம். தம்பி வளைவில் எங்கள் எல்லோரையும் விட நல்லாய் வந்துவிட்டான், பயம் தெரியாத வயது. நானாவின் மகள் விசில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பந்தயத்தில் வளைவில் நிற்பது தான்தான் என்று சொல்லிவிட்டாள். மச்சான் அந்தச் சில்லுக்காக மாதம் மூவாயிரம் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன்; ஒரு மாதம் தந்தான், வாங்கினேன்.

போன கிழமை அடுத்த க்ரிட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஒழுங்கு செய்கிறவருக்குப் போன் எடுத்து மூன்று விசயம் கேட்டேன். சலுகைச் சுற்று உண்டா என்றதற்கு, "உண்டு, கடைசி ஐந்து சுற்றில் இல்லை" என்றார். வளைவுகளைக் காலையில் கழுவுவீர்களா என்றதற்கு, தண்ணீர்ப் பவுசர் சொல்லியிருக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் ஒன்று மைதானத்தடியில் நிற்குமா என்றேன். "பார்ப்பம் தம்பி, கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்றார். பதிவுக் காசு இரண்டாயிரம் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் கட்டவில்லை.